முட்டியும் பீப்பாயும்

திருகோணமலையைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகளிற் பெரும்பாலானவை கப்பலின் மேல்தட்டில் நின்று கரையைப் பார்த்து எழுதப்பட்டவை. துறைமுகத்தின் ஆழம் எத்தனை பாகம், உள்துறையில் எத்தனை போர்க்கப்பல்கள் நங்கூரமிடலாம், கோட்டைப் பீரங்கிகள் எத்திசையை நோக்கின என்பனவெல்லாம் அவற்றில் நுணுக்கமாகக் கிடைக்கும். அந்தக் கப்பல்களில் வந்தவன் எதைக் குடித்தான், குடித்ததை வடித்தவர் யார், வடிப்பதற்காக மரமேறியவர் யார் என்று கேட்டால் அந்நூல்கள் வாய் திறப்பதில்லை. நாம் அந்தக் கேள்வியைக் கேட்க விரும்புகிறோம். மதுவின் புகழ் பாடுவது நமது நோக்கமன்று. குடியினாற் சிதைந்த வீடுகளை நாமும் கண்டிருக்கிறோம். ஆயினும் ஒரு பொருளை வெறுப்பது வேறு, அதைப் பிறப்பித்த உழைப்பை மறப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதிலே பலர் ஆதாயம் அடைந்திருக்கிறார்கள் என்பது பின்னால் விளங்கும்.

சான்று தேடித் தூரம் போகவேண்டியதில்லை. நமது பேச்சிலேயே இருக்கிறது. ஈழத்துத் தமிழர் கள்ளுக்கடையைத் தவறணை என்பர். அது போர்த்துக்கேயரின் 'தவெர்னா' என்ற சொல். சாராயத்தை அடைத்து ஏற்றும் பீப்பாய் அவர்களுடைய 'பிப்பா'. கள் புளித்து முற்றியபின் கிடைக்கும் வினாகிரியும், அதே கள்ளை ஊற்றிப் புளிக்கவைத்துச் சுட்ட பாணும் அவர்கள் விட்டுச்சென்ற சொற்களே. ஆங்கிலேயர் 'அரக்' என்றும் சிங்கள மக்கள் 'அரக்கு' என்றும் வழங்கும் சாராயத்தின் பெயர் அரபு நாட்டிலிருந்து வந்தது. அம்மொழியில் அதற்கு வியர்வை என்று பொருள். வடிகலத்தின் மூடியில் துளித்துளியாக அரும்புவதைக் கண்டு இட்ட பெயராம். யாருடைய வியர்வை என்று அரபு வணிகர் சிந்தித்திருக்கமாட்டார்கள். ஆனால் கள், பாளை, முட்டி, தளைநார், சீவல் ஆகிய சொற்களைப் பாருங்கள். இவற்றுள் ஒன்றுகூடக் கப்பலில் வந்திறங்கவில்லை. தொழிலின் சொற்கள் மரத்தடியில் முளைத்தன. வாணிகத்தின் சொற்கள் துறைமுகத்தில் இறங்கின. இந்தப் பிரிவினையே நமது கதையின் முதுகெலும்பு.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே உப்புவெளி, நிலாவெளி என்று கடலோரமாகப் போகும் வழியில் தென்னையும் பனையும் மாறிமாறி நிற்கின்றன. பனை அவசரமில்லாத மரம். விதையிட்டவன் பாளையைக் காணப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள்வரை காத்திருக்கவேண்டும். அதுவரை ஆண் எது, பெண் எது என்றே தெரியாது. பாளை வந்தபின்னரே ஆண்பனை, பெண்பனை என்று பிரித்தறியலாம். இரண்டிலும் கள் இறக்கலாம். பெண்பனையிற் கள் இறக்கினால் நுங்கும் பழமும் இழக்கவேண்டும். ஆண்டின் முற்பகுதியில் பாளை தலைகாட்டத் தொடங்கும்போது தொழிலாளியின் பருவமும் தொடங்குகிறது.

அவனுடைய கருவிகள் மிகச் சில. காலிரண்டையும் இணைக்கும் தளைநார், இடுப்பிலே கத்தியைச் செருகும் இயனக்கூடு, பாளையைத் தட்டும் பொல்லு, கள் சேரும் முட்டி. பாளைக்கத்தி மட்டும் கொல்லன் அடித்துக் கொடுத்தது. ஏனையவை யாவும் மரமும் நாரும் மண்ணும் தந்தவை. கத்தியின் கூர் தலைமயிரை வழிக்கும் அளவு இருக்கவேண்டும். மழுங்கிய கத்தியாற் சீவினால் பாளையின் நாளங்கள் நசுங்கி, ஊறல் அடைபட்டுவிடும்.

மரத்தில் ஏறிய அன்றைக்கே கள் கிடைத்துவிடும் என்று நகரத்தார் நினைக்கிறார்கள். விரியாத பாளைகளைச் சேர்த்துக் கட்டி, அவை விரிந்து பூக்காதபடி தடுத்து, நாள்தோறும் பக்குவமாகத் தட்டியும் நசித்தும் பழக்கவேண்டும். வலிமை கூடினால் பாளை அழுகும், குறைந்தால் ஊறாது. எவ்வளவு தட்டவேண்டும் என்பதை எந்த நூலும் எழுதிவைக்கவில்லை. கையிலிருந்து கைக்கு வந்த அறிவு அது. பின்பு நுனியை வெட்டி, நாளுக்கு நாள் மெல்லிய சீவலாகச் சீவிவர, ஒரு வாரம் பத்து நாட்களில் சாறு துளிக்கத் தொடங்கும். பூவுக்கும் காய்க்கும் போகவேண்டிய சத்தை மரம் வெட்டுவாய் வழியே வடிக்கிறது. அந்த வாயில் முட்டியைக் கட்டுகிறார்கள். காலையில் ஏறி இறக்குவது, சீவுவது, முட்டி மாற்றுவது, மாலையிலும் அதுவே. ஒரு நாள் ஏறாவிட்டால் வெட்டுவாய் காய்ந்து பாளை பழுதாகும். ஆகவே இத்தொழிலுக்குத் திருநாளும் இல்லை, மழைநாளும் இல்லை. தென்னையிலும் முறை ஏறத்தாழ இதுவே. அங்கே ஒரு பாளையைக் கயிற்றாற் சுற்றிக் கட்டித் தட்டிப் பதப்படுத்தி மெல்லமெல்லக் கீழ்நோக்கி வளைக்கிறார்கள். தென்மேற்குக் கரையின் களுத்துறைப் பக்கத்தில் தென்னைகளுக்கிடையே கயிறு கட்டி மரத்துக்கு மரம் வான்வழியே நடப்பர். பனைத் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை. ஒவ்வொரு மரத்துக்கும் மண்ணிலிருந்து புறப்படவேண்டும்.

ஒரு சிறு கணக்கு. பதினைந்து மீட்டர் உயரமுள்ள இருபத்தைந்து பனைகளைக் காலையும் மாலையும் ஏறுகிறவன் ஒரு நாளில் 750 மீட்டர் ஏறுகிறான். அதே அளவு இறங்குகிறான். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையைக் கடலிலிருந்து அண்ணாந்து பார்த்து வியக்காத பயணி இல்லை. இவனோ அதைப்போலப் பல மடங்கை நாள்தோறும் நெஞ்சாலும் தொடையாலும் அளக்கிறான். நெஞ்சிலே காய்ப்பு, உள்ளங்காலிலே காய்ப்பு. மழை பெய்து மரம் வழுக்கிய நாளில் தவறி விழுந்தால், பிழைத்தாலும் முதுகெலும்போடு முடிந்தது அவன் வாழ்க்கை. இந்தத் தொழில் நடக்கும் ஊரில் அப்படிப் படுக்கையில் விழுந்த ஒருவரையாவது காட்டாத தெரு அரிது.

இனி முட்டிக்குள்ளே நடப்பதைப் பார்ப்போம். பாளையிலிருந்து சொட்டுவது கள் அன்று, இனிப்பு நீர். 100 பங்கில் 10 முதல் 14 பங்குவரை சர்க்கரை இருக்கும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால் அது இனிப்பு மாறாமல் நிற்கும். யாழ்ப்பாணத்தார் கருப்பநீர் என்றும் தமிழகத்தார் பதநீர் என்றும் சொல்வது இதனையே, காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையேல், பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் காற்றிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். நொதி சர்க்கரையைத் தின்று மதுசாரமும் கரிவளியும் ஆக்குகிறது. நுரை பொங்குவது அதனால். மரத்திலிருந்து இறங்கும்போதே உடன்கள்ளில் மயக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும். மாலைக்குள் 100க்கு 5 அல்லது 6 பங்கு மதுசாரம் சேரும். மறுநாள் புளிப்பு மிகும். அதற்கும் பின்னால் வினாகிரிதான். நொதித்தல் என்பது உயிரின் தொழில் என்று பாஸ்ச்சர் பிரான்சில் மெய்ப்பித்தது 1850களின் கடைசியில். முட்டியைக் கழுவிக் கவிழ்ப்பதா, அடியில் கொஞ்சம் பழங்கள்ளை விட்டுவைப்பதா என்று முடிவு செய்த நமது தொழிலாளி, பெயர் தெரியாமலே அந்த உயிரை வளர்த்தும் அடக்கியும் வந்திருக்கிறான். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே முட்டி. ஒரு விரல் சுண்ணாம்பு இனிப்பையும் போதையையும் பிரித்துவைக்கிறது.

இதில் வரலாற்றுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கள் காத்திருக்காது. காலையில் இறக்கியதை அன்று மாலைக்குள் குடித்தாகவேண்டும். அதைப் பதுக்கமுடியாது, தூரத்துக்கு அனுப்பமுடியாது, விலை ஏறட்டும் என்று வைத்திருக்கமுடியாது. எனவே கள் இயல்பாகவே ஊருக்குள் பிறந்து ஊருக்குள் முடியும் பொருள். பனையோலையைக் குடலையாக மடித்த பிளாவில் ஊற்றி, மரத்தடியிலேயே கைமாறும். சங்கநூல்களில் கள்ளும் நறவும் தேறலும் வருமிடமெல்லாம் அது அரண்மனையிலோ சீறூரிலோ அருகிருந்து பகிரும் பொருளாகவே வருகிறது. அதியமான் கள்ளைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் பகிர்ந்தான் என்று ஔவை நினைந்து அழுதது புறநானூற்றில் உள்ளது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்து வன்மையாகக் கண்டித்தார். ஆனால் அந்த அதிகாரம் முழுவதும் உண்பவனைப் பற்றியதே. இறக்கியவனை அவர் இகழவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பின்வந்த அறநெறியாளர் பலருக்கு இந்த வேறுபாடு தெரியாமற் போயிற்று.

சாராயம் வேறு சாதிப் பொருள். புளித்த கள்ளைச் செப்புக் கொப்பரையில் ஊற்றி மூடிக் கொதிக்கவைப்பர். நீர் கொதிக்குமுன்பே, ஏறத்தாழ 78 பாகைச் சூட்டில் மதுசாரம் ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர்ந்த நீருக்குள் சுருண்டு கிடக்கும் குழாய்வழியே செலுத்த, மறுமுனையில் துளித்துளியாய் இறங்கும். முதலிற் கிடைப்பது வலுக் குறைந்தது. அதனை மறுபடி வடிக்கவேண்டும். தொடக்கத்தில் வரும் காரநெடித் துளிகளையும் கடைசியில் வரும் கலங்கலையும் ஒதுக்கி நடுப்பகுதியை எடுப்பதிலேதான் வடிப்பவனின் தேர்ச்சி. ஆறேழு முட்டிக் கள் சுருங்கி ஒரு முட்டிச் சாராயம் ஆகிறது. சுருங்கியது மட்டுமன்று, அது இனிக் கெடாது. ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் விலை ஏறுமேயன்றி இறங்காது. அளக்கலாம், முத்திரையிடலாம், வரி விதிக்கலாம், ஏலம் விடலாம், கப்பலேற்றலாம். நேரத்துக்குக் கட்டுப்பட்ட பொருளை நேரத்திலிருந்து விடுவித்தது வடிகலம். விடுவித்த மாத்திரத்தில் அது மரத்தடியை விட்டுப் போய்விட்டது.

போவதற்குப் பீப்பாய் வேண்டுமே? அங்கேதான் திருகோணமலை வருகிறது. சிங்களவர் ஹல்மில்ல என்றும் ஈழத்தமிழர் சாவண்டலை என்றும் அழைக்கும் மரம் இந்த மாவட்டத்துக் காடுகளில் வளம் பெற்றது. மரவணிகரிடையே அதற்குத் 'திருகோணமலை மரம்' என்றே பெயர். இலேசானது, வளைந்துகொடுப்பது, நீரிலும் வெயிலிலும் எளிதில் வெடிக்காதது. சென்னைக் கரையின் அலைமோதும் கடலில் ஓடிய மசூலாப் படகுகளுக்கு இதனைக் கொண்டுபோனார்கள். இலங்கையில் அரசாங்கச் செயலாளராய் இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில் இம்மரத்தைப் பற்றிப் பேசுகிறார். சாராயத்தை முதிரவைக்கும் தொட்டிகளுக்கும் பீப்பாய்களுக்கும் இதுவே உகந்ததென்று கொண்டனர். இலங்கையின் பெரிய வடிசாலைகளில் இன்றும் ஹல்மில்லத் தொட்டிகளைக் காணலாம். உண்மையைச் சொல்லவேண்டும்: கப்பலேறிய இலங்கைச் சாராயத்தின் பெரும்பகுதி திருகோணமலை மரங்களின் கள்ளிலிருந்து வடித்ததன்று, தென்மேற்குக் கரையின் தென்னந்தோப்புகளே அதற்குப் பிறப்பிடம். திருகோணமலை கொடுத்தது பீப்பாய்க்கு மரத்தையும், பீப்பாயை வெறுமையாக்கும் தொண்டைகளையும்.

அந்தத் தொண்டைகளின் வரலாறு நீளமானது. போர்த்துக்கேயர் 1620களிற் கோணேசர் கோயிலை இடித்து அதன் கல்லிலே கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அதனைப் பிடித்தனர். 1660இல், புயலிற் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலிலிருந்து றொபேட் நொக்ஸ் என்ற இளைஞன் மன்னனின் ஆட்களால் சிறைபிடிக்கப்பட்டான். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டிலே கிடந்து தப்பியோடி 1681இல் அவன் வெளியிட்ட நூலில், கித்துள் மரத்தின் இனிப்பு நீரைப் பற்றியும் அதைக் காய்ச்சி எடுக்கும் சர்க்கரையைப் பற்றியும் எழுதியிருக்கிறான். அந்நாட்டு மக்கள் குடிவெறியை அருவருத்தனர் என்பதையும் மறைக்காமற் சொல்லியிருக்கிறான். மரத்தின் சாறு தாராளமாய்க் கிடைத்த நாட்டிலே வெறி அரிதாக இருந்ததை ஓர் அயலான் பதிந்துவைத்தது நமக்குப் பயன்படும் சான்று.

கப்பலிலே நிலைமை வேறு. பல மாதம் நீரில் மிதக்கும் கப்பலில் குடிநீர் நாறும், பியர் புளிக்கும். 1731இல் ஆங்கிலக் கடற்படை வெளியிட்ட விதிகளில், மாலுமிக்கு நாளொன்றுக்குரிய ஒரு கலன் பியருக்கு ஈடாக அரைப் பைந்து பிராந்தி, ரம் அல்லது அரக் கொடுக்கலாம் என்று எழுதப்பட்டது. நமது பாளையின் சாறு இலண்டனில் அச்சான சட்டத்திலே ஏறிவிட்டது! மேற்கிந்தியத் தீவுகளிற் கரும்பு வெட்டிய ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பு ரம் ஆயிற்று; கிழக்கே மரமேறியவர்களின் உழைப்பு அரக் ஆயிற்று. இரண்டும் ஒரே வரியில், ஒரே அளவில், ஒன்றுக்கு ஒன்று மாற்றாக எழுதப்பட்டன. பேரரசு தன் தொழிலாளரை இதைவிடத் தெளிவாக ஒருபோதும் வரிசைப்படுத்தியதில்லை.

1782ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். சனவரியில் ஆங்கிலேயர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பறித்துக்கொண்டான். செப்டம்பர் 3ஆம் நாள் துறைமுகத்துக்கு வெளியே இரு கடற்படைகளும் பொருதன. அந்தப் போர்க்கப்பல்களிற் பல 74 பீரங்கிகள் கொண்டவை; அத்தகைய கப்பலொன்றில் ஏறத்தாழ 600 பேர் இருப்பர். ஆளுக்குக் கால் லீற்றர் அளவு சாராயம் என்றால் நாளொன்றுக்கு 150 லீற்றர். அதிற் பாதி மதுசாரம் என்று கொண்டால், அதை வடிக்க 1,300 லீற்றருக்கு மேற்பட்ட கள் வேண்டும். மரமொன்று நாளுக்கு இரண்டு லீற்றர் தருமென்றால் 650 மரங்கள். ஒருவன் இருபத்தைந்து மரம் ஏறுவானென்றால் இருபத்தாறு தொழிலாளிகள், காலையும் மாலையும். ஒரு கப்பலின் ஒரு நாட் குடிக்கு இவ்வளவு! இந்தக் கணக்கு நாம் போட்டது. எந்தத் தளபதியும் போட்டுவைக்கவில்லை. சுஃப்ரனுக்கும் ஆங்கிலத் தளபதி ஹியூசுக்கும் வரலாற்று நூல்களில் அதிகாரங்கள் உண்டு. இருபத்தாறு பேருக்கு அடிக்குறிப்பும் இல்லை.

1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் மறுபடியும் வந்து கோட்டையைப் பிடித்தனர்; இம்முறை போகவில்லை. சென்னையிலிருந்து வந்த அவர்களுடைய ஆட்சி செய்த முதற் காரியங்களில் ஒன்று தென்னை மரமொன்றுக்கு ஒரு பணம் வரி விதித்தது. 1797இல் கரையோர மாகாணங்களில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர், வரி கைவிடப்பட்டது. மரத்துக்கு நேரே வரி போட்டால் மக்கள் எழுவார்கள் என்று அரசு அன்று கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு அது பீப்பாய்க்கே திரும்பியது.

ஒல்லாந்தர் காலத்திலேயே தொடங்கிய சாராயக் குத்தகை முறையை ஆங்கிலேயர் பெரிதாக வளர்த்தனர். ஒரு வட்டாரத்தில் சாராயம் விற்கும் தனியுரிமையை ஏலத்தில் விடுவது; எடுத்தவன் அரசுக்குக் குத்தகைப் பணத்தைக் கட்டிவிட்டு, கட்டியதற்கு மேல் எவ்வளவு கறக்கமுடியுமோ அவ்வளவையும் கறப்பது. அரசுக்கு ஆள் வேண்டாம், அலுவலகம் வேண்டாம்; பழியும் வேண்டாம். கோப்பிக்கும் தேயிலைக்கும் முன்னும் பின்னும் இலங்கையின் உள்நாட்டு முதலாளிகள் பலர் மூலதனம் திரட்டியது இந்தக் குத்தகையிலேதான். அறிஞர் குமாரி ஜயவர்த்தன 2000இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இதனை ஐயமற நிறுவியிருக்கிறது. மாளிகைகளும் தோட்டங்களும் பள்ளிக்கூடங்களும் கோயில் திருப்பணிகளும் எழுந்தன. குத்தகைக்காரன் வள்ளலானான், அவன் பிள்ளைகள் இங்கிலாந்திற் படித்துக் கனவான்களாயினர். கள் சீவியவனின் பிள்ளை தளைநாரைக் கட்டினான்.

1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் பழைய முறையை மாற்றியது. கள்ளையும் சாராயத்தையும் பிரித்துத் தனித்தனித் தவறணைகளை அமைத்தார்கள். ஊர்தோறும் கள்ளுத் தவறணைகள் பெருகின. அனுமதிப்பத்திரமின்றிப் பாளை சீவுவது குற்றமாயிற்று. மரத்தடியில் பிளாவில் ஊற்றிக் கொடுத்த மனிதன் ஒரே நாளிற் குற்றவாளியானான். தவறணையை ஏலத்தில் எடுத்தவன் சட்டபூர்வமான வணிகன் ஆனான். மக்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. அவ்வாண்டு எழுந்த மதுவிலக்கு இயக்கமே இலங்கையின் அரசியல் விழிப்புக்கு ஒரு தொடக்கம். சேனநாயக்க சகோதரர்கள், டி. பி. ஜயதிலக முதலியோர் அதிலேதான் மேடை பழகினர். 1915இன் கலவரத்தைச் சாட்டாக வைத்து ஆட்சியாளர் அவர்களைச் சிறையிட்டனர். 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் யாழ்ப்பாணத்திலும் மதுவிலக்கையும் தீண்டாமை ஒழிப்பையும் வற்புறுத்திப் பேசினார்.

அவ்வியக்கத்தின் பெருமையை நாம் குறைக்கவில்லை. ஆட்சியாளரின் வருவாயைக் குடியிலிருந்து பிரித்துக் காட்டியது அதன் அருஞ்செயல். ஆனால் காந்தியடிகள் சேர்த்துச் சொன்ன இரண்டையும் நமது பெரியவர்கள் பிரித்து வைத்துக்கொண்டார்கள். மதுவிலக்கு இனித்தது, தீண்டாமை ஒழிப்பு கசந்தது. வடக்கிலே கள் சீவியவர்கள் சாதியின் கடைசிப் படியில் நிறுத்தப்பட்ட மக்கள். அவர்கள் மேலாடை அணியத் தடை. கோயிலுக்குள் நுழையத் தடை. தேநீர்க் கடையிற் பேணி வேறு. அவன் கையாற் சீவி, அவன் கையாற் பிழிந்து ஊற்றிய கள்ளை வாங்கிக் குடித்த வாய், அவன் தொட்ட தண்ணீரைக் குடிக்க மறுத்தது. கள்ளுக்குத் தீட்டில்லை, கைக்குத் தீட்டாம்! 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலே கிடக்க, 1966 முதல் தேநீர்க் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் மக்கள் நின்று போராடியே உரிமையை எடுக்கவேண்டியிருந்தது. அந்தப் போராட்டத்தில் அடிபட்டவர்களில் மரமேறிகளின் பிள்ளைகள் பலர்.

தமிழகத்தின் அனுபவமும் இங்கே நினைக்கத்தக்கது. 1937இல் இராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. அரசின் இழப்பு ஈடாயிற்று, தொழிலாளியின் இழப்பு? பதநீர் இறக்கலாம், வெல்லம் காய்ச்சலாம் என்றார்கள். சிலர் காய்ச்சினார்கள், பலர் ஊர்விட்டுப் போனார்கள். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 1987 முதல் அங்கே கள் தடைப்பட்டிருக்கிறது; ஆனால் ஆலைகளில் வடித்த கடுஞ்சாராய வகைகளை 2003 முதல் அரசின் நிறுவனமே தன் கடைகளில் விற்கிறது. அண்டையிலுள்ள கேரளத்திலோ கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. முட்டிக்குத் தடை, புட்டிக்கு அரசுக் கடை! 100க்கு 5 பங்கு மதுசாரமுள்ளது ஒழுக்கக்கேடு, 40 பங்குள்ளது அரசுவருவாய் என்பது எந்த அறநூலின் தீர்ப்போ நமக்கு விளங்கவில்லை. ஆலைச் சாராயத்துக்கு மரமும் வேண்டாம், மரமேறியும் வேண்டாம்; கரும்புப் பாகின் கழிவு போதும். இலங்கையிலும் இன்று சாராயம் என்று விற்கப்படுவதிற் பல, தென்னஞ் சாராயத்தோடு அந்த ஆலை மதுசாரத்தைக் கலந்தவையே.

திருகோணமலைக்குத் திரும்புவோம். இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலேயரின் கீழைக் கடற்படை இங்கே தங்கியது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. 1957இல் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. மாலுமிக்கு நாள்தோறும் மது அளந்து கொடுக்கும் வழக்கத்தையே ஆங்கிலக் கடற்படை 1970 யூலை 31இல் நிறுத்திவிட்டது. அந்த 1970களிலேதான் வடக்கில் கள் சீவுவோர் கூட்டுறவுச் சங்கங்களாக இணைந்தனர். தவறணைக் குத்தகைக்காரனுக்குப் பதிலாகச் சங்கம் கள்ளை அளந்து வாங்கியது. விழுந்தவனுக்கு உதவிநிதி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்பன முதன்முறையாகக் கணக்கேட்டில் ஏறின. 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவாயிற்று. வடமராட்சியிலே திக்கத்தில் வடிசாலை எழுந்தது. அதாவது, முட்டியை ஏந்தியவர்களே பீப்பாய்க்கும் உரிமையாளராகும் ஒரு வழி திறந்தது. இந்த நெடுங்கதையில் நமக்கு நம்பிக்கையளிக்கும் பக்கம் அது ஒன்றுதான். தெற்கிலோ காற்று எதிர்த்திசையில் அடித்தது. அரசின் கையிலிருந்த வடிசாலை நிறுவனம் 1992இல் தனியாரிடம் போயிற்று.

திறந்த வழியைப் போர் அடைத்தது. 1983 முதல் 2009வரை பனைகள் பதுங்குகுழிகளுக்காக ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டன. இருபது ஆண்டு வளர்ந்த மரம் ஒரு பகலிற் காப்பரணாகிக் கிடந்தது. தோப்புகள் பாதுகாப்பு வலயங்களுக்குள் அடைபட்டன; விடிவதற்குமுன் மரத்திலேறுவது உயிரோடு விளையாட்டாயிற்று. 2004 டிசம்பரின் ஆழிப்பேரலை இந்தக் கரையையும் விடவில்லை. 2006இல் சம்பூர் மக்கள் வீடும் காணியும் விட்டு ஓடினர். அங்கே நிலம் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல். நாள் தவறினாற் பாளை பழுதாகும் தொழில், ஆண்டுகள் தவறினால் என்னாகும்? கை மறந்துபோகும். எங்கே கள் இறங்கவில்லையோ அங்கே சீனியைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கசிப்பு நுழைகிறது. அதற்கு மரமும் வேண்டாம், பருவமும் வேண்டாம், தேர்ச்சியும் வேண்டாம்.

1817இல் பம்பாயிற் கட்டப்பட்டு, நமது துறைமுகத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட 'திருகோணமலை' என்ற ஆங்கிலப் போர்க்கப்பல் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் நகரில் புதுப்பிக்கப்பட்டுக் காட்சிக்கு நிற்கிறது. அதன் பாய்மரத்தையும் பீரங்கியையும் கட்டணம் கொடுத்துப் பார்க்கலாம்.

நிலாவெளிப் பக்கத்தில் நாம் சந்தித்த முதியவர் ஒருவரிடம் அவருடைய தொழிலைப் பற்றிக் கேட்டோம். "என்னத்தைச் சொல்ல, தம்பி? பத்து வயதில் அப்பருக்குப் பின்னால் போனேன். இப்ப எட்டு மரம்தான் ஏறுறேன், நெஞ்சு கேட்குதில்லை" என்றார். மகன் ஏறுவதில்லையா என்றோம். "அவன் துறைமுகத்துப் பக்கம் மா ஆலையில் நிற்கிறான். ஏறச் சொல்லி நானும் கேட்கவில்லை." பேச்சுக்கிடையில் வெயில் சாய்வதைப் பார்த்தார். சீவும் நேரம் தவறிவிடும் என்று எழுந்து, கத்தியின் கூரைப் பெருவிரல் நகத்தில் ஒருமுறை பார்த்து, இயனக்கூட்டில் செருகிக்கொண்டு, தளைநாரை எடுத்தார்.